ஓசி டிக்கெட்டும் தீம் பார்க் விமர்சனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் நாங்கள் கொஞ்சப் பேர் தீம் பார்க் ரசிகர் குழுவாக இருக்கிறோம். ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். லீவு கிடைத்தால் கொச்சி, பெங்களூரு, சென்னை என்று கிளம்பிவிடுவோம். சமீப காலமாகக் குழுவில் ரீல்ஸ் போடும் தம்பி தங்கைகள் பெருகிவிட்டார்கள். பார்க்குகளிலிருந்து அவர்களுக்கு அழைப்பு வருகிறது. கூடவே சந்தேகமும் வருகிறது: ஓசியில் போகலாமா, போனால் அதைச் சொல்ல வேண்டுமா, எப்படிச் சொல்வது? இன்னொரு பக்கம், அந்த வீடியோக்களை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கும் அம்மாக்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன்.

நெல்லைச் சீமையில் பெரிய தீம் பார்க் கிடையாது. எட்டிப் பார்த்துவிட்டு வந்து முடிவெடுக்க நமக்கு வழியில்லை. வீடியோவைப் பார்த்துத்தான் ஒரு குடும்பம் பணம் சேர்க்கிறது, ரயில் டிக்கெட் போடுகிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

"நம்ம பொருட்காட்சி ராட்டினத்தைவிட இதுல என்ன பெருசா இருக்கு எக்கா?"

ஆனித் திருவிழா சமயத்தில் டவுன் பொருட்காட்சித் திடலில் சுற்றும் ராட்டினத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்களில் பாதிப் பேருக்கு இந்த ஆசை தொற்றியதே அங்கேதான். தீம் பார்க்கில் சவாரிகளைச் சும்மா வரிசையாக நிறுத்தாமல் ஒரு கதைக்குள் வைப்பார்கள். நடைபாதை, கட்டடம், வேலை செய்பவர்களின் உடுப்பு, பின்னால் ஓடும் இசை எல்லாம் அந்தக் கதையைச் சேர்ந்தவை. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் திறந்த டிஸ்னிலேண்ட்தான் இந்த வகைக்கு வழிகாட்டி.

இந்தியாவில் டெல்லி அப்பு கர் 1984இல் வந்தது, மும்பை எஸ்ஸல் வேர்ல்ட் 1989இல். கொச்சியில் 2000ஆம் ஆண்டு வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியதுதான் இன்றைய வொண்டர்லா. 2013இல் மும்பை பக்கம் கோபோலியில் இமேஜிக்கா. 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் இன்னொரு வொண்டர்லா. நம்மூர்க்காரர்களுக்குப் பழகிய வழி இன்னமும் கொச்சிதான்: இரவு பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எர்ணாகுளத்தில் இறங்கி, அங்கிருந்து வொண்டர்லா இருக்கும் பள்ளிக்கரைக்குப் போவது.

"ஒரே பார்க்குக்கு வருஷம் பூரா போறவங்க இருக்காங்களாமே, நெசமா?"

நெசம்தான். கலிஃபோர்னியாவில் ஒருவர் 2012 ஜனவரி 1 முதல், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பார்க்கை மூடும்வரை, ஒரு நாள் விடாமல் டிஸ்னிலேண்டுக்குப் போனார். மொத்தம் 2,995 நாள். கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1978இலேயே ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1996 முதல் உலகத்து கோஸ்டர்களை எல்லாம் பதிவு செய்யும் ஆர்.சி.டி.பி. என்ற தரவுத்தளம் இருக்கிறது. ஏறி முடித்த ஒவ்வொரு கோஸ்டரையும் 'கிரெடிட்' என்று கணக்கு வைப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் அடுத்த பயணத்தைத் திட்டமிடுகிறார்கள்.

ஒரே கோஸ்டரில் திரும்பத் திரும்ப ஏறுவதற்குக் காரணம் உண்டு. முன் வரிசையில் காற்றும் காட்சியும் கிடைக்கும். கடைசிப் பெட்டியில் இருந்தால், முன்னால் போன பெட்டிகள் இழுக்கிற வேகத்தில் உச்சியைத் தாண்டும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். காலையில் மெதுவாக ஓடிய வண்டி, சக்கர பேரிங்கில் கிரீஸ் சூடான பிறகு வேகமாக ஓடும். இமேஜிக்காவின் நைட்ரோ மாதிரிக் கால் வைக்கத் தரையே இல்லாத கோஸ்டரில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இந்த ஆசை ஒரு கட்டத்தில் ஆளை விழுங்கவும் செய்யும். டிஸ்னிலேண்டுக்குள் 1967இல் தொடங்கிய கிளப் 33 என்ற உறுப்பினர் கிளப் இருக்கிறது. அதிலிருந்து 2017இல் நீக்கப்பட்ட ஒரு தம்பதி, திரும்பச் சேர்வதற்காகச் சில லட்சம் டாலர் செலவழித்து வழக்கு நடத்தினார்கள். 2024இல் ஜூரி டிஸ்னி பக்கம் தீர்ப்புச் சொன்னது. உள்ளே இருப்பதற்கு ரசிகர் எவ்வளவு விலை கொடுப்பார் என்பது பார்க் நடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

"சலுகைன்னு சொல்றீங்களே, கவர்ல பணம் வச்சுக் கொடுப்பாங்களா?"

பணம் கைமாறுவதும் உண்டு. ஆனால் நம் குழுத் தம்பிமாருக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. குடும்பத்தோடு நுழைவு டிக்கெட், வரிசையில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் டிராக் பட்டை, சாப்பாட்டுக் கூப்பன், பக்கத்திலேயே அறை. புதிய சவாரி திறப்பதற்கு முந்தின நாள் 'மீடியா டே' அழைப்பு. டி-ஷர்ட், பொம்மை, தொப்பி.

கணக்கில் வராத சலுகைதான் ரசிகரை அதிகம் அசைக்கும். பொதுமக்கள் வருவதற்கு முன் காலியான கோஸ்டரில் பத்துத் தடவை ஏற விடுவது, வண்டியை மேலே இழுக்கும் சங்கிலி மோட்டார் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பொறியாளரோடு பேச விடுவது, மேனேஜர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. கோஸ்டர் மேல் ஆசை இல்லாதவருக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. ரசிகருக்குப் பத்தாயிரம் ரூபாயைவிடப் பெரிது. ஆகவே 'நான் காசு வாங்கல' என்று சொல்வதோடு பேச்சு முடியவில்லை.

"ஓசி டிக்கெட் வாங்குனா பொய்தான் சொல்லுவாங்கன்னு அர்த்தமா?"

இல்லை. ஓசியில் போய் நேர்மையாகக் குறை சொன்னவர்களும் உண்டு, சொந்தக் காசில் போய்ப் பொய்யாகப் புகழ்ந்தவர்களும் உண்டு. ஓசியால் வரும் சிக்கல் வேறு. அழைப்பில் போனவர் பார்க்கிற பார்க்கும் நாம் போய்ப் பார்க்கிற பார்க்கும் ஒன்றல்ல.

மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பார்க்குக்குப் போனால் நாளில் பெரும்பங்கு வரிசையில்தான் போகும். நிழல் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, கைக்குழந்தையோடு நிற்கும் அம்மாவுக்கு உட்கார இடம் இருக்கிறதா என்பதுதான் அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் அனுபவம். ஃபாஸ்ட் டிராக் பட்டை கட்டியவருக்கு இது தெரியவே தெரியாது. லாக்கர் வாடகை தெரியாது. தண்ணீர் சவாரிக்குப் பருத்தி உடுப்பு ஆகாது, நைலான் உடுப்புத்தான் போட வேண்டும் என்று சொல்லி, அங்கேயே நாலு பேருக்கும் வாங்கும்போது அப்பா முகம் மாறுவது தெரியாது. வெளிச் சாப்பாடு கூடாது என்பதால் கட்டிக்கொண்டு போன புளியோதரையைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் ஆச்சியின் சங்கடமும் தெரியாது. அவர் ஒரு பொய்கூடச் சொல்லாமல் இருக்கலாம். இதெல்லாம் அவர் வீடியோவில் இருக்காது, அவ்வளவுதான்.

பெரிய அளவில் ஒரு உதாரணம். ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் 2022 மார்ச் 1 அன்று ஸ்டார் வார்ஸ் கதையை வைத்து ஒரு விண்கப்பல் ஹோட்டலைத் திறந்தார்கள். இரண்டு பேர் இரண்டு இரவு தங்கச் சுமார் 4,800 டாலர். திறப்பதற்கு முன் செய்தியாளர்களையும் இன்ஃப்ளுயன்சர்களையும் அழைத்துக் காட்டினார்கள். 2023 செப்டம்பரில் மூடியே விட்டார்கள். அங்கே தங்கிய பல ரசிகர்களுக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆனால் படிக்கிறவர் கேட்டது அந்த விலைக்கு அது தகுமா என்று. விலை கொடுக்காதவர் அந்தக் கேள்விக்கு எந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்வார்?

"இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா? நம்மூரு சின்னப் பய ரீல்ஸுக்குமா?"

இருக்கிறது, சின்னவருக்கும் சேர்த்துத்தான். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், சுருக்கமாக ஆஸ்கி, இன்ஃப்ளுயன்சர்களுக்கான நெறிமுறையை 2021இல் கொண்டுவந்தது. அந்த ஜூன் 14 முதல் நடைமுறை. அது தொழில்துறை தானாக வகுத்துக்கொண்ட நெறி. அதற்குப் பிறகு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் 2022 ஜூன் 9 அன்று தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்கள் வந்தன. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இன்ஃப்ளுயன்சர்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. பணம், இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், ஹோட்டல் தங்கல், பரிசு, குடும்ப உறவு, வேலைத் தொடர்பு எல்லாமே அதில் 'தெரிவிக்க வேண்டிய தொடர்பு' என்று வருகின்றன.

மக்களைத் தவறாக வழிநடத்தும் பரிந்துரைக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு, மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை, எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடுக்கவும் முடியும். ஆயிரம் ஃபாலோயர் உள்ள பையனைத் தேடி நாளைக்கே ஆள் வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் மேலப்பாளையத்திலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ ஒரு குடும்பம் அவன் பேச்சைக் கேட்டுக் கிளம்பினால் நஷ்டம் நஷ்டம்தான். பெரிய சேனல், சின்னச் சேனல் என்று அது பார்க்காது.

"டிஸ்க்ரிப்ஷன்ல கடைசி வரியில போட்டுட்டேன். போதாதா?"

போதாது. பார்க்கிறவர் தேடாமலே கண்ணில் பட வேண்டும். ஆஸ்கி கணக்குப்படி 15 விநாடி வரையான வீடியோவில் குறைந்தது 3 விநாடியும், 2 நிமிடத்துக்கு உட்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு நேரமும் அந்தக் குறிப்பு திரையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால், பார்க்கைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் இருக்க வேண்டும். அரசுக் கையேடு வீடியோவில் எழுத்தாகவும் குரலாகவும் சொல்லச் சொல்கிறது. ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. புரொஃபைலில் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்குவதும் செல்லாது.

தமிழில் பேசும் வீடியோவுக்குத் தமிழிலேயே சொல்லுங்கள். 'கொலாப்' என்று மூலையில் போட்டால் எங்கள் தெரு ஆச்சிக்கு என்ன புரியும்? நான் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பது இதுதான்: "இந்தப் பார்க் எங்களை அழைத்தது. நாலு டிக்கெட், ஃபாஸ்ட் டிராக், மதியச் சாப்பாடு அவர்கள் கொடுத்தது. ரயில் செலவு எங்களுடையது. வீடியோவை வெளியிடும் முன் அவர்கள் பார்க்கவில்லை." கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் சேர்க்க வேண்டும். பத்து விநாடிகூட ஆகாது.

"எல்லாருக்கும் கொடுக்கிற தள்ளுபடியையும் சொல்லணுமா?"

வேண்டாம். அல்வாக் கடையில் கேட்கிறவருக்கெல்லாம் ஒரு துண்டு ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். அதை யாரும் மறைத்து வாங்குவதில்லை. ஊர் முழுக்கப் பேசுகிற ஆள் என்று பார்த்து ஒருவருக்கு மட்டும் ஒரு கிலோ கட்டிக் கொடுத்தால் கதை வேறு. மாணவர் தள்ளுபடி, பிறந்தநாள் சலுகை, முன்பதிவுச் சலுகை எல்லாம் யாருக்கும் கிடைப்பவை. வீடியோவில் சொன்னால் பார்க்கிறவருக்கும் பயன்படும், ஆனால் கட்டாயம் இல்லை.

"நான் கேக்கவே இல்ல, அவங்களா பாஸ் அனுப்புனாங்க. அப்பவுமா?"

அப்பவும்தான். கேட்டு வாங்கியதா, கேட்காமல் வந்ததா, நிபந்தனை உண்டா இல்லையா என்று விதி பிரித்துப் பார்ப்பதில்லை. கேட்காமல் வந்ததைத் திருப்பி அனுப்பலாம். வைத்துக்கொண்டால் சொல்லிவிடுங்கள்.

"எங்க அத்தான் அங்க மெக்கானிக்கா இருக்காவ. அவுக பாஸ்லதான் போனேன். குடும்ப விஷயத்தையும் வெளிய சொல்லணுமா?"

அத்தானின் பெயரையோ வேலை விவரத்தையோ சொல்ல வேண்டியதில்லை. 'எங்கள் வீட்டில் ஒருவர் இங்கே வேலை பார்க்கிறார், அவர் பாஸில் வந்தோம்' என்றால் போதும். சட்டம் குடும்ப உறவையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்று மேலே பார்த்தோம். அதைவிட, அத்தான் வேலைக்குப் பாதகம் வரக் கூடாது என்று நீங்கள் சிலதை விட்டுவிடுவீர்கள். அது இயல்பு. பார்க்கிறவருக்கு அது தெரிந்திருந்தால் அதற்கேற்ப எடுத்துக்கொள்வார். என்னைக் கேட்டால், அத்தான் வேலை பார்க்கும் இடத்துக்கு விமர்சனமே வேண்டாம். சும்மா போய் ஜாலியாக இருந்துவிட்டு வரலாம்.

"குறை சொன்னா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்களே எக்கா?"

கூப்பிடாமல் போகலாம். எங்கள் குழுவில் ஒரு தங்கை, அழைப்பின் பேரில் போன ஒரு பார்க்கில் உடை மாற்றும் அறை வழுக்குகிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று வீடியோவில் சொன்னாள். அந்த அழைப்புப் பட்டியலிலிருந்து அவள் பெயர் போய்விட்டது. அழுதாள். அவளுக்கு வலித்தது டிக்கெட் காசு அல்ல. புதுச் சவாரியை முதல் நாளில் பார்க்கும் கூட்டத்தில் தான் இல்லை என்பதுதான்.

இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவது கேள்வியில் சொன்ன, உள்ளே இருக்கிற ஆசையின் வலி இதுதான். ஆனால் அவள் வீடியோவைப் பார்த்துவிட்டு வயசுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போன அம்மாக்கள் முன்கூட்டியே விசாரித்துப் போனார்கள். அழைப்பு நிற்கும் என்ற பயத்தில் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசாமல் விடுவதென்றால், அந்த அழைப்பை ஏற்கவே கூடாது. வேலை நாளில் சொந்தக் காசில் போய்வருகிற வீடியோ குறைவாகத்தான் வரும். ஆனால் வருகிற வீடியோவில் மறைக்க ஒன்றும் இருக்காது.

"பள்ளிக்கூட டூர்ல சாருக்கும் டீச்சருக்கும் ஃப்ரீ டிக்கெட். அது தப்பில்லையே?"

பிள்ளைகளோடு பாதுகாப்புக்குப் போகிறவருக்கு டிக்கெட் வாங்காமல் விடுவது பரவலான வழக்கம், நியாயமும்கூட. வேலை பார்க்கத்தான் போகிறார். அதைத் தாண்டி, டூர் முடிவு செய்த ஆளுக்குக் குடும்ப பாஸ், தனிக் கமிஷன் என்று போனால், பெற்றோர் கட்டிய காசில் வந்த சலுகை அது. பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும். எந்தப் பார்க், ஏன் அந்தப் பார்க், நம்மிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்று பெற்றோரும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

"ஒரு வீடியோ ஓசில எடுத்ததா இல்லையான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கது?"

உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சில அடையாளங்கள் உண்டு. முழு வீடியோவிலும் வரிசையே இல்லையா? நடைமேடை காலியாக இருக்கிறதா? பெரிய பார்க்குகள் கோஸ்டரில் கையில் கேமராவோ செல்போனோ கொண்டுபோக விடுவதில்லை. இருக்கையில் பொருத்திய கேமராவில் சவாரி எடுத்திருந்தால் பார்க் அனுமதி கொடுத்திருக்கிறது என்று பொருள். கையில் ஃபாஸ்ட் டிராக் பட்டை, பக்கத்தில் அடையாள அட்டை போட்ட ஊழியர், அதே வாரத்தில் ஏழெட்டுச் சேனல்களில் அதே சவாரி, அதே புகழ்ச்சி வரிகள்.

எனக்குப் பெரிய அடையாளம் விலை. சொந்தக் காசில் போனவர் விலையைச் சொல்லாமல் இருக்க மாட்டார். டிக்கெட், லாக்கர், உடுப்பு, சாப்பாடு என்று வாய் ஓயாமல் சொல்வார். சந்தேகமாக இருந்தால் கமெண்டில் மரியாதையாகக் கேளுங்கள்: "டிக்கெட் நீங்க எடுத்ததா, அவங்க கொடுத்ததா?" நேர்மையானவர் பதில் சொல்வார்.

"கிடைச்ச பொருளுக்கு வரியும் உண்டா?"

உண்டு. தொழில் முறையில் கிடைக்கும் சலுகைகளின் மதிப்பு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1இல் வந்தது. படம் எடுக்கக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது சலுகையில் சேராது. கணக்குக்கு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.

"சரி, சொந்தக் காசுல போற ரசிகர் சொன்னா அப்படியே நம்பலாமா?"

இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி. நம்பலாம் என்று உடனே சொல்ல ஆசைதான், முடியவில்லை. நாங்கள் ஆசைப்பட்டுப் போகிறவர்கள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று ஏறிய கோஸ்டரைச் சுமார் என்று சொல்ல மனசு வராது. ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, சேர்த்த பணத்தைக் கொட்டிவிட்டு வந்து 'பிரயோஜனம் இல்லை' என்று ஒப்புக்கொள்வதும் கஷ்டம். பிடித்த பார்க்கை யாராவது குறை சொன்னால் எங்கள் வீட்டுப் பிள்ளையைச் சொன்ன மாதிரி சண்டைக்குப் போகிறவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். பாசமும் கண்ணை மறைக்கும், சலுகையும் கண்ணை மறைக்கும். ஆனால் எங்கள் பாசத்தை, வீடியோ பார்க்கிறவர் எங்கள் முகத்திலேயே கண்டுகொள்வார். சலுகையை நாம் சொன்னால் ஒழிய அவருக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் எழுதினாலும் முதலில் நாலு விஷயம் வரும்: யார் காசில் போனார், என்ன கிழமை, எந்தச் சவாரிக்கு எவ்வளவு நேரம் நின்றார், இதற்கு முன் அங்கே போயிருக்கிறாரா. அடிக்கடி போகிறவர் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் தடவை போகும் குடும்பத்தின் கண் அவருக்கு இருக்காது. சாரல் மாதங்களில் தண்ணீர் பார்க்கைப் பற்றி எழுதுகிறவர், அதே நாளில் காசில்லாமல் குற்றாலம் ஐந்தருவியில் குளித்திருக்கலாமா என்பதற்கும் பதில் எழுத வேண்டும் என்று போன சீசனில் சேர்த்திருக்கிறோம்.